மேரா பீக் போறீங்களா? பேக்கேஜுக்கு காசு கட்றதுக்கு முன்னாடி இத படிங்க

மூக்கு மேல தோல் உரிஞ்சு தொங்குது, கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு, பேங்க் பேலன்ஸ் பத்தி பேசவே வேணாம். எல்லாம் மறந்து போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். பெர்மிட், செலவு, கியர், ரூட்டுனு வரிசையா எழுதறதா தான் பிளான், எவ்ளோ தூரம் அந்த வரிசை நிக்குதுன்னு பாப்போம்.

மேரா பீக் நேபாளத்துல எவரெஸ்ட்டுக்கு தெக்கால, மகாலு பருண் தேசியப் பூங்கா பக்கம் இருக்கு. டெக்னிக்கலா பெரிய கஷ்டம் கிடையாது, செங்குத்து பாறை ஏற வேண்டியதில்ல, ஆனா உயரம் இருக்கே, அது தான் விஷயம். எல்லா ட்ரெக்கிங் கம்பெனி விளம்பரத்துலயும் 6476 மீட்டர்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது வடக்கு உச்சி. பெரும்பாலான குரூப்ப கூட்டிட்டு போறது நடு உச்சிக்கு, அது 6461. இத கேட்டா "சேம் சேம் சார்"ங்கறாங்க. 15 மீட்டருக்கு நான் சண்டை போடல, ஆனா 1953 மே 20ல ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் முதல்ல ஏறினதும் இந்த நடு உச்சி தான், அதயே பெருமையா சொல்லி வித்தா என்ன கேடு? அந்த ராபர்ட்ஸ் கதையும் சூப்பர். எவரெஸ்ட் டீமுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு போய் சேர்த்துட்டு, வந்தது வந்தோம்னு இந்தப் பக்கம் சுத்தப் போய் மலை ஏறிட்டு வந்திருக்காரு. அப்புறம் 1964ல நேபாளத்துல முதல் ட்ரெக்கிங் கம்பெனி ஆரம்பிச்சதும் அவரு தான். இப்ப நம்மகிட்ட கறக்கற அத்தன கம்பெனிக்கும் அவரு தான் மூல புருஷன்!

சரி பேக்கேஜ். நாலஞ்சு கம்பெனிகிட்ட கொட்டேஷன் வாங்கினோம், நானும் சித்தப்பா பையனும். விலை எங்க குறையுதுன்னு பாத்தீங்கன்னா சாப்பாட்டுலயோ கைடுலயோ இல்ல, நாள்ல. லுக்லால இறங்கின உடனே ஜத்ரவா லா கணவாய் வழியா நேரா அந்தப் பக்கம் தாண்ட விடறான். அந்தக் கணவாயே 4600 மீட்டர். லுக்லா 2860. ரெண்டு மூணு நாள்ல அவ்ளோ உயரம் தூக்கினா தலைவலி வராம என்ன வரும்? 3000 தாண்டிட்டா தூங்கற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ ரெஸ்ட் எடுக்கணும்னு தான் டாக்டருங்க சொல்றாங்க. நாங்க தெக்கால சுத்தி, பையா, பங்கோம்ங்கற ஊருங்க வழியா காட்டுக்குள்ள நடந்து கோத்தேங்கற ஊருக்கு வர்ற நீளமான ரூட்ட எடுத்தோம். காசு கூட தான். ஒரு ஆளுக்கு ஒன்னே முக்கால் லட்சம் கிட்ட வந்துச்சு, கட்டும்போது கை நடுங்குச்சு. ஆனா சொல்றேன், இந்த ட்ரிப்ல உருப்படியா செலவு பண்ணின காசுன்னா அது அந்த கூடுதல் நாளுங்களுக்கு குடுத்தது தான்.

உருப்படி இல்லாத காசுன்னா ஜீப். சீசன்ல லுக்லா ஃப்ளைட் காத்மாண்டுல இருந்து போறதில்ல, ராமேசாப் மாவட்டத்துல மந்தலின்னு ஒரு குட்டி ஏர்போர்ட்டுக்கு போகணும், 130 கிலோமீட்டர். காலைல ஃப்ளைட்டுனா நடுராத்திரி காத்மாண்டுல டூரிஸ்ட் ஏரியாவான தமேல்ல இருந்து கிளம்பணும். "பிரைவேட் வெஹிக்கிள்"னு பேக்கேஜ்ல எழுதியிருந்துச்சு. வந்தது ஒரு வேன், உள்ள ஏற்கனவே எட்டு பேரு, எனக்கு கிடைச்சது டயருக்கு மேல இருக்கற சீட், முழங்கால் தாடையில இடிக்குது. போற ரோடு பி.பி. ஹைவே, 2024 செப்டம்பர் வெள்ளத்துல ரோசி ஆறு அந்த ரோட்ட பல இடத்துல அப்படியே அள்ளிட்டு போயிடுச்சு, அதனால வண்டி ரோட்டுல போகுதா ஆத்துல போகுதான்னே தெரியல, இருட்டுல கல்லு மேல ஏறி இறங்கி ஏறி இறங்கி, பின்னாடி ஒரு அம்மா வாந்தி, டிரைவர் மட்டும் பாட்டு சவுண்ட கூட்டிட்டே போறாரு. மந்தலில இறங்கினதும் பை எடுக்க விடல. மேல கேரியர்ல போட்ட ஒவ்வொரு பைக்கும் 1500 ரூபாயாம், நேபாளி ரூபா. பைக்குள்ள என்ன, குழந்தையா இருக்கு? எங்க கைடு தாஜு (நேபாளில அண்ணன்) வந்து அவங்க பாஷையில கொஞ்சம் சாஃப்டா, கொஞ்சம் சத்தமா பேசி, ரெண்டு பைக்கும் சேத்து 1000ல முடிச்சாரு. அதுவும் குடுத்திருக்கக் கூடாது, ஆனா ஃப்ளைட் கூப்பிட்டுட்டாங்க.

ஃப்ளைட்ல ஒரு ஆளுக்கு மொத்தம் 15 கிலோ தான். அதுக்கு மேல கிலோவுக்கு காசு. அதனால எல்லாரும் கனமான ஜாக்கெட்டெல்லாம் உடம்புல போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்திட்டு நிக்கறாங்க, நாங்களும் தான். லுக்லா ரன்வே 527 மீட்டர் தான், அதுவும் மேல பாத்து சரிஞ்சிருக்கும், முடியற இடத்துல மலை. இறங்கும்போது முன்னாடி கண்ணாடி வழியா பாத்துட்டு சித்தப்பா பையன் "அண்ணே, செவுத்துக்குள்ள போறான்ணே"ன்னு என் தொடைய புடிச்சு கிள்ளினான், அந்த இடம் இன்னும் நீலமா இருக்கு.

அப்புறம் நடை. முதல் சில நாள் காடு, ஏத்தம், இறக்கம், மழைத்தூறல், அட்டை இல்ல, அவ்ளோ தான். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பக்கம் இருக்கற கூட்டம் இங்க கிடையாது, அது ஒன்னே போதும்.

ஆனா பையா ஊருல சாப்பிட்ட தால் பாத்த (பருப்பு, சோறு) பத்தி சொல்லியே ஆகணும். லாட்ஜ் நடத்தற திதி (அக்கா) அடுப்புக்கு பக்கத்துலயே உக்கார வெச்சுட்டாங்க. பருப்புல நெய்யில பொரிச்ச ஜிம்பு, நம்ம வெங்காயத்தாளும் பூண்டும் சேந்த மாதிரி ஒரு வாசம், கூட கடுகுக்கீரை, முள்ளங்கி ஊறுகா, அப்புறம் சுட்ட தக்காளில திமுர் போட்டு அரைச்ச ஒரு சட்னி. திமுர் வாயில போட்டா நாக்கு லேசா மரத்துப் போகும், பத்து செகண்ட் கழிச்சு தான் காரம் வரும். சோறு தீரத் தீர கேக்காமலே போடறாங்க, அதுக்கு தனி காசு கிடையாது. பட்ஜெட் ஆளுங்களுக்கு சொல்றேன், மெனுல பீட்சா, பாஸ்தா எல்லாம் இருக்கும், தொடாதீங்க. தால் பாத் தான் வயிறும் ரொம்பும், காசும் மிஞ்சும். எங்க பேக்கேஜ்ல சாப்பாடு சேந்திருந்தாலும் டீ, சுடுதண்ணி, போன் சார்ஜ், வைஃபை, குளியல் எல்லாத்துக்கும் தனித்தனியா பில்லு. மேல போகப் போக ரேட்டும் ஏறும், அது நியாயம் தான், ஒரு கேஸ் சிலிண்டர்ல இருந்து நூடுல்ஸ் பாக்கெட் வரைக்கும் ஆளு முதுகுல இல்லன்னா கோவேறு கழுதை முதுகுல தான் வருது. இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாளி ரூபா, எத பாத்தாலும் மனசுக்குள்ள வகுத்துட்டே இருந்தேன், மேல காரேங்கற ஊருல வகுக்கறத நிறுத்திட்டேன், வகுத்தாலும் வலிச்சுது. லுக்லா தாண்டினா இந்த ரூட்ல ஏடிஎம் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கோத்தேல இருந்து தங்னாக் போற வழி ஆத்தோரமா தான். ஒரே பாறாங்கல்லு, வெள்ளை வெளேர்னு, பள்ளத்தாக்கு பூரா யாரோ லாரி லாரியா கொட்டின மாதிரி கெடக்கு. 1998 செப்டம்பர்ல தங்னாக்குக்கு மேல இருக்கற சபாய் சோ ஏரி கரை உடைஞ்சு வந்த வெள்ளம் பண்ணின வேலை அது. தங்னாக்ல ரெஸ்ட் நாள் அன்னிக்கு அந்த ஏரிய பாக்க ஏறினோம். உடைஞ்ச இடம் இன்னும் அப்படியே வாயப் பொளந்துட்டு நிக்குது. சும்மா படுத்திருக்கலாம்னு தோணும், ஆனா மேல ஏறிட்டு கீழ வந்து தூங்கறது தான் உடம்ப பழக்கும், கைடு விடவே மாட்டாரு.

காரே, 5000 மீட்டருக்கு மேல. இங்க தான் கிராம்பான் (பூட்டுக்கு அடியில மாட்டற இரும்பு முள்ளு), ஜூமார் (கயித்த கவ்விப் புடிச்சு மேல ஏற உதவற கிளாம்ப்), கயித்துல இறங்கறது எல்லாம் ஒரு நாள் பழக்குவாங்க. இங்க தான் கம்பெனியோட அடுத்த குண்டும் வெடிச்சுது. "கிளைம்பிங் கியர் இன்க்ளூடட்"னா ஹார்னஸ் (இடுப்புல மாட்டற பெல்ட்), கிராம்பான், கயிறு மட்டுமாம். டபுள் பூட் (ரெண்டு அடுக்கு பனி பூட்) அதுல வராதாம்! மைனஸ் இருபதுல ஐஸ்ல ஏறப் போறவனுக்கு பூட் கியர் இல்லன்னா வேற என்ன, ஃபேஷனா? வேற வழியில்லாம அங்கயே வாடகைக்கு எடுத்தோம், தமேல்ல கேட்ட ரேட்ட விட டபுளுக்கு மேல. காசு கட்றதுக்கு முன்னாடி பூட், தூங்கற பை, டவுன் ஜாக்கெட், ஜீப், டிப்ஸ், இதெல்லாம் உண்டா இல்லையான்னு ஒவ்வொன்னா எழுதி வாங்குங்க. "ஆல் இன்க்ளூடட்"னு ஒரு வார்த்தைய நம்பாதீங்க.

அதே லாட்ஜ்ல குறைஞ்ச நாள் பேக்கேஜ்ல வந்த ஒரு குரூப். ஜத்ரவா லா வழியா ஓடி வந்தவங்க. மூணு பேர்ல ரெண்டு பேரு ராத்திரி பூரா வாந்தி, ஒருத்தரால நேரா நடக்க முடியல. அவருக்கு காலைல ஹெலிகாப்டர் வந்துச்சு, அது நியாயமான தேவை. ஆனா அவங்கள கூட்டிட்டு வந்த ஆளு, நல்லா உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்த மூணாவது ஆளையும் "இன்ஷூரன்ஸ் தானே, நீங்களும் ஏறிக்கோங்க"ன்னு தள்றான். தேவையில்லாதவங்களையும் ஏத்தி இன்ஷூரன்ஸ்ல காசு கறக்கற இந்த ஹெலிகாப்டர் ஃபிராட பத்தி 2018ல நேபாள அரசே கமிட்டி போட்டு விசாரிச்சுச்சு, அப்புறமும் நடக்குது.

எங்க கைடுக்கு வரேன். தினமும் ராத்திரி விரல்ல கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பாப்பாரு, நம்பர் என்னன்னு சொல்ல மாட்டாரு, சும்மா மூஞ்சியப் பாத்து சிரிப்பாரு. நடக்கும்போது ஒரே மந்திரம், "பிஸ்தாரே, பிஸ்தாரே". மெதுவா, மெதுவா. முதல்ல எரிச்சலா இருந்துச்சு, எல்லா குரூப்பும் எங்கள தாண்டிப் போகுது. மேரா லா கணவாய் பனி ஆத்துல ஏறும்போது தாண்டிப் போனவங்க எல்லாம் வழியில உக்காந்திருந்தாங்க.

ஹை கேம்ப் 5800 மீட்டர் கிட்ட, ஒரு பாறைக்கு கீழ பத்து பதினஞ்சு டென்ட் ஒட்டி ஒட்டி. சாயங்காலம் சூப் வந்துச்சு, ரெண்டு ஸ்பூன் தான் இறங்குச்சு. தூக்கம்னு ஒன்னு இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பினாங்க, பூட் மாட்டவே அரைமணி நேரம், லேஸ் கட்ட குனிஞ்சா மூச்சு முட்டுது. எல்லாரும் ஒரே கயித்துல, பனி வெடிப்பு இருக்கு, அதனால யாரும் தன் இஷ்டத்துக்கு நிக்க முடியாது. தண்ணி டியூப் உறைஞ்சு போச்சு. கைடு மட்டும் தண்ணி பாட்டில ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சிருந்தாரு, அதுல தான் எல்லாரும் குடிச்சோம். காத்து இடது பக்கமே அடிச்சு அடிச்சு அந்தக் கன்னம் இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன். பத்து அடி வெச்சா நிக்கணும், அப்புறம் அஞ்சு அடி. அங்க காத்துல கீழ கிடைக்கறதுல பாதி ஆக்ஸிஜன் கூட இல்ல.

கடைசியில உச்சிக்கு கீழ ஒரு சின்ன செங்குத்து, கயிறு கட்டியிருக்கும். ஜூமார மேல தள்ளினா அது கயித்த புடிக்கவே இல்ல, வழுக்கிட்டு கீழ வருது, எனக்கு குலை நடுங்கிடுச்சு. கைடு பக்கத்துல ஏறி வந்து, க்ளவுஸ கழட்டி, ஜூமார் பல்லுக்குள்ள உறைஞ்சிருந்த ஐஸ நகத்தால சுரண்டி எடுத்தாரு. வெறும் விரலு. மறுபடி மாட்டினேன், "கடக்"குன்னு கடிச்சுது. ஏறிட்டேன்.

மேல என்னன்னு சொல்ல? எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயூ, தூரத்துல கிழக்கால காஞ்சன்ஜங்கா, எட்டாயிரம் மீட்டர் மலைங்க அஞ்சும் ஒரே இடத்துல நின்னு பாக்கறோம். சித்தப்பா பையன் அழுதான், கண்ணாடிக்குள்ள கண்ணீர் உறைஞ்சு அவனால எதையும் பாக்க முடியல, அதுக்கும் அழுதான். நான் பத்து போட்டோ எடுத்தேன், எட்டுல என் கட்டைவிரல் தான் இருக்கு. போன் செத்துப் போச்சு.

இறங்கி காரேக்கு வந்தன்னைக்கே கம்பெனியில இருந்து வாட்ஸாப், "சம்மிட் போனஸ் கட்டாயம், டிப்ஸ் தனி"ன்னு. கைடுக்கும் ரெண்டு போர்ட்டருக்கும் கம்பெனி சொன்னத விட கூடவே குடுத்தோம், அவங்க கையில நேரா. முப்பது கிலோ பைய நெத்தியில பட்டை மாட்டி தூக்கிட்டு நமக்கு முன்னாடி போய் டீயோட நிக்கற ஆளுகிட்ட கணக்கு பாக்க முடியாது. ஆனா அத கம்பெனி மெசேஜ் போட்டு மிரட்டறது இருக்கே, அது தான் கடுப்பு.

திரும்பும்போது ஜத்ரவா லா வழியா தான் வந்தோம், பழகின உடம்புக்கு அது சும்மா. லுக்லால மேகம், ஃப்ளைட் இல்ல. ஹெலிகாப்டர் புரோக்கருங்க லாட்ஜ் லாட்ஜா வந்து சீட்டு விக்கறாங்க, காலைல ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு. நாங்க உக்காந்தே இருந்தோம், கையில ரெண்டு மூணு நாள் எக்ஸ்ட்ரா வெச்சிருந்ததால. காத்மாண்டுல இருந்து ஊருக்கு ஃப்ளைட்ட லுக்லால இருந்து இறங்கற மறுநாளே போடறவங்க தான் அந்த புரோக்கருங்களுக்கு சோறு போடறாங்க.

பெர்மிட் பத்தி எழுதவே இல்ல பாருங்க. பீக் பெர்மிட் கம்பெனி வழியா தான் எடுக்கணும், இலையுதிர் சீசன்ல வசந்த காலத்துல பாதி ரேட்டு தான். தேசியப் பூங்கா கட்டணம் சார்க் நாட்டுக்காரங்களுக்கு (இந்தியாவும் சேத்தி) 1500 நேபாளி ரூபா, மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000, அதனால பில்லுல எந்த ரேட்டு போட்டிருக்கான்னு பாருங்க, எங்களுக்கு முதல்ல 3000 போட்டிருந்தான். அந்த வித்தியாசம், பூட் வாடகை, மந்தலில பைகளுக்கு குடுத்த காசு, மூணையும் திருப்பிக் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன். "மேனேஜர் ட்ரெக்ல இருக்காரு, நெட்வொர்க் இல்ல"ன்னு பதில் வந்திருக்கு.