ஏழாவது பெயர்

போன மார்கழியில் ஒரு நாள், மேற்கு மாம்பலத்தில் எங்கள் பள்ளியில், பதினொன்றாம் வகுப்புக்குச் சிற்றிலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு உலாவுக்குப் போனது, தலைவன் வீதியில் உலா வருவதைப் பெண்கள் ஏழு பருவத்தாராக நின்று பார்க்கிற பாட்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று போர்டில் எழுதிவிட்டு ஏழாவதற்குக் கையைத் தூக்குகிறேன், சொல் வரவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற சொல். சாக்பீஸ் போர்டைத் தொட்டபடியே நிற்க, நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறுகிறது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, குளிருது மிஸ் என்று முன் பெஞ்சுப் பெண் ஃபேனை நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒருத்திதான் எடுத்துக் கொடுத்தாள்: "பேரிளம்பெண், மிஸ்."

ஒரு வார்த்தை மறந்ததற்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுக்காமல் வகுப்புக்குப் போகிற டீச்சர் என்றுதான் என்னை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கேட்டால் கோபமே வராத அண்ணி. எனக்கு 46 வயதாகிறது, இந்த இரண்டு வருஷத்தில் அந்த இரண்டு பேருமே என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது, பீரியட்ஸ் ஒரு மாதம் வராது, அடுத்த முறை பத்து நாள் கொட்டும், காரணமே இல்லாமல் ஒரு படபடப்பு. எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றே பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் "வயசாகுதில்ல" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர்தான் உட்காரவைத்துப் பேசினார். பெரிமெனோபாஸ் என்றார். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாகக் கணக்கு, அதற்கு முன்னால் சில வருஷங்கள் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறையாமல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும், உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி அதில் தடுமாறிக் கொஞ்சம் சூடு கூடினாலே வியர்க்கவைத்துவிடும், தூக்கமும் ஞாபகமும் சேர்ந்து அடிவாங்கும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறதாம், மேலை நாடுகளில் 51. ஹார்மோன் டெஸ்ட் எழுதுவார் என்று நினைத்தேன், இந்த வயதில் அது நாளுக்கு நாள் மாறும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் பார்த்தார். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. தோழிகளே, பத்து நாள் கொட்டுவதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து போய்க் காட்டுங்கள்.

பெயர் தெரிந்ததும் பாதி பயம் போனது உண்மை. ஆனால் அந்தப் பெயர் வீட்டுக்கு வந்ததும் வேறொரு சிக்கல். ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, சிங்க் நிறையப் பாத்திரம், சாம்பார் காய்ந்து ஒட்டின குக்கர், ஹாலில் மூன்று பேர் ஆளுக்கொரு போனோடு. கத்திவிட்டேன். "ஹார்மோன்மா, மாத்திரை போட்டியா?" என்றார் அவர், அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூடு ஹார்மோன், மறதி ஹார்மோன், சரி. இந்தக் கோபம் இருபது வருஷமாக நான் விழுங்கி விழுங்கி வைத்தது, அது என்னுடையது. தூக்கம் கெட்டதால் விழுங்குகிற தெம்பு போய்விட்டது, அவ்வளவுதான். கோபமே வராத அண்ணி என்று ஒருத்தி எப்போதாவது இருந்தாளா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

உலாவில் வரும் அந்த ஏழு பருவத்துக்கும், சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்கிற பாட்டியல் நூல்கள் வயது சொல்லும். பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை. எத்தனை தடவை நடத்தியிருப்பேன், வகுப்பில் சொல் மறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் உறைத்தது, நாற்பதுக்கு மேல் பெயரே இல்லை. நான் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீரோடு வந்தார், உளுந்தங்களி கிண்டினார்கள், தெருவுக்கே தெரியும். இதற்கு வீட்டுக்குள்கூட ஒரு சொல் இல்லை.

அம்மாவுக்கு 41 வயதில் ஆபரேஷன், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பையை எடுத்தால் இதெல்லாம் படிப்படியாக வராது, மொத்தமாக வந்து விழும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன், அப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு? ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "ராத்திரி மொட்டை மாடியில போய் நிப்பேன்டி. நீங்கள்லாம் தூங்கிட்டு இருப்பீங்க."

நான் தூங்கவில்லை. மாடிக் கதவுத் தாழ்ப்பாளை அவள் சத்தம் வராமல் இழுக்கிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.