பாட்காஸ்டில் யாரைக் கவனிப்பது

ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு நேராக வருகிறவர்கள் குறைவு. டெஸ்டிங்கில் இருந்திருப்பார்கள், சேல்ஸில் இருந்திருப்பார்கள். நான் சப்போர்ட்டில் இருந்தேன். நேற்றுவரை கஸ்டமர் போனை எடுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, அடுத்து எதைச் செய்யலாம், எதைச் செய்ய வேண்டாம் என்று இனி நீ சொல் என்றார்கள். சொல்லித்தர ஆள் கிடையாது. கிண்டியிலிருந்து சிறுசேரி வரை கம்பெனி பஸ் இருந்தது. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். நெரிசலில் நேரமும் தாராளமாக இருந்தது. அப்படித்தான் பாட்காஸ்ட் கேட்கப் பழகினேன்.

இந்தத் தொழிலில் இருக்கிற பலரையும் போல லெனி ராச்சிட்ஸ்கியிடம்தான் ஆரம்பித்தேன். ஏர்பிஎன்பியில் ப்ராடக்ட் வேலை பார்த்தவர். வெளியே வந்து நியூஸ்லெட்டர் எழுதி, 2022இல் பாட்காஸ்ட் தொடங்கினார். வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், ஆளுக்கொரு ஃப்ரேம்வொர்க், அதாவது யோசிக்க ஒரு வாய்ப்பாடு, கையில். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நம் கம்பெனிப் பிரச்சினை மொத்தமும் நாலு கட்டத்துக்குள் அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கட்டம் கலைந்துவிடும்.

ஏன் என்று யோசித்தால் விளங்குகிறது. மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர். அந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கியிருப்பார். முடிவெடுத்த அன்றைக்கு இருந்த குழப்பம், பக்கத்து சீட்டுக்காரரோடு போட்ட சண்டை எல்லாம் அதிலிருந்து உதிர்ந்துபோயிருக்கும். அதே வழியில் போய் கம்பெனியை மூடிவிட்டவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. எனக்கு உபயோகமாக இருந்தது பதில்கள் அல்ல, கேள்விகள்தான். கேட்கிறவர் எங்கே குறுக்கிடுகிறார், எங்கே பேசாமல் விடுகிறார், மேலோட்டமான ஒரு பதிலுக்குப் பிறகு ஆளை எப்படித் தரைக்கு இழுத்து வருகிறார் என்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் பஸ் நேரம் வேலை நேரமாகக் கணக்கானது.

அப்படி நான் கவனித்தவர்களில் பாப் மோஸ்டா என்று டெட்ராய்ட்காரர் ஒருவர், அடிப்படையில் என்ஜினியர். மனிதர்கள் ஒரு பொருளை வாங்குவது ஏதோ ஒரு வேலையை முடித்துக்கொள்ளத்தான் என்ற கோட்பாட்டை ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து வளர்த்தவர். வாங்கியவரிடம் 'ஏன் வாங்கினீர்கள்?' என்று நேராகக் கேட்டு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. இந்த எண்ணம் முதலில் எப்போது வந்தது, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், அதற்கப்புறம் ஏன் கொஞ்ச நாள் சும்மா இருந்தீர்கள் என்று பின்னாலேயே போவார். ப்ராடக்ட் டீம்களுக்குப் பயிற்சி தரும் டெரேசா டோரஸும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்: 'பொதுவாக எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றிய நல்ல சித்திரம் ஒன்றைத் தருவார்கள். கடைசியாகச் செய்த ஒரு தடவையைச் சொல்லச் சொன்னால்தான் நடந்தது வெளியே வரும்.

நாங்கள் செய்வது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். காலாவதி மருந்துகளுக்கு ஒரு ரிப்போர்ட் உண்டு. அதைப் பார்க்கிறீர்களா என்று போனில் கேட்டால் எல்லாக் கடையிலும் "பாக்கறோம் சார்" என்பார்கள். ஈரோட்டில் ஒரு கடையில் கேள்வியை மாற்றிப் போட்டேன்.

"கடைசியா எக்ஸ்பைரி சரக்கு எப்பண்ணா திருப்பி அனுப்புனீங்க?"

"போன வாரந்தானுங்க."

"என்ன பண்ணுனீங்க, முதல்லருந்து சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. கவுன்டருக்கு அடியிலிருந்து ஓ.ஆர்.எஸ். அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், கட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் மருந்து சப்ளை செய்த ஏஜென்சி பெயர். சில மாத்திரை அட்டைகள் பாதிதான் இருந்தன. பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடித்த முனையிலிருந்து கடைப் பையன் வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தில் தேதியே இருக்காது. அதை ஏஜென்சிக்காரர் கையால்கூடத் தொடமாட்டார். பக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று. எங்கள் ரிப்போர்ட் மருந்துப் பெயர் வரிசையில் வரும். அவர் நோட்டோ ஏஜென்சிவாரியாக இருந்தது. ஏனென்றால் ஆர்டர் எடுக்க ஒவ்வொரு ஏஜென்சி ஆளும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள்தான் வருவார், அன்றைக்குத்தான் கட்டை அவர் தலையில் கட்ட முடியும்.

இதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சும்மா நின்றேன். கொஞ்சம் கழித்து அவரே, "பழைய பில்லுக்குப் பணம் குடுக்காம பிடிச்சு வெச்சாத்தான் தம்பி, கிரெடிட் நோட் வரும்" என்றார். கிரெடிட் நோட் என்றால் திருப்பிய சரக்கின் விலையைக் கழித்துத் தரும் சீட்டு. எந்த சர்வேயிலும் வந்திருக்காத வாக்கியம் அது. ரிப்போர்ட்டை ஏஜென்சிவாரியாகப் பிரித்து, பக்கத்திலேயே அந்த ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியையும் காட்டினோம். டெவலப்பருக்குப் பெரிய வேலையில்லை. கடைகளில் அதைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

சும்மா நிற்பதையும் பாட்காஸ்டில்தான் கற்றேன் என்றால் நம்புவது கஷ்டம். ஓவர்காஸ்ட் ஆப்பில் ஸ்மார்ட் ஸ்பீட் என்று ஒன்று உண்டு, பேச்சின் நடுவே வரும் மௌனத்தைச் சுருக்கிவிடும். ரொம்ப நாள் அதைப் போட்டு, வேகத்தையும் 1.5இல் வைத்துத்தான் கேட்டேன். ஒரு தடவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, நல்ல பேட்டியாளர் பதில் முடிந்த பிறகும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்கிறார். சாஃப்ட்வேர் முதலில் வெட்டி எறிவதும் அந்த இடைவெளியைத்தான்.

எல்லாமே நம் ஊருக்குப் பொருந்திவிடாது. சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் நிறுவனத்தைத் தொடங்கிய ராகுல் வோரா, 'இது நாளை முதல் இல்லையென்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?' என்ற ஷான் எல்லிஸின் கேள்வியை வைத்துத் தன் ப்ராடக்டைத் திருத்திய கதை பிரபலம். 'ரொம்ப ஏமாற்றமாக இருக்கும்' என்று 40 சதவீதம் பேர் சொன்னால் தேறியது என்று அர்த்தம். அவர் 22இல் ஆரம்பித்து 58க்குக் கொண்டுபோனார். இதைக் கும்பகோணத்துக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "ஏன் தம்பி அப்படிச் சொல்றீங்க, நல்லாத்தானே போகுது" என்பார். நேரில் வந்து நிற்பவனிடம் மனசு நோகப் பேசுவார்களா? நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கும், அந்தத் தொண்ணூறை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என் அளவுகோல் வேறு: சர்வர் படுத்தால் எந்தெந்தக் கடையிலிருந்து முதலில் போன் வருகிறது, எந்தக் கடை சாயங்காலம் வரை கூப்பிடவே இல்லை. கூப்பிடாத கடைக்குத்தான் நான் போக வேண்டும்.

ப்ராடக்ட் வட்டாரத்தில் பிரபலமான ஷ்ரேயாஸ் தோஷி அடிக்கடி சொல்லும் ப்ரீ-மார்ட்டம், உளவியலாளர் கேரி கிளைன் முன்வைத்தது, எங்களிடம் கொஞ்சம் மாறி வேலை செய்தது. ரிலீஸுக்கு முன்னாலேயே, இது ஊத்திக்கொண்டது என்று வைத்துக்கொண்டு, காரணம் என்ன என்று யோசிப்பது. மேனேஜர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஜூனியர்கள் வாய் திறக்கவில்லை. பெயர் போடாமல் சீட்டு எழுதச் சொன்னதும் ஒருவர் எழுதினார்: 'புது பில் டிசைன் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பாதி வெட்டுப்படும்.' பிரின்ட் எடுத்துப் பார்த்தோம். பாதிதான் வந்தது.

சேல்ஸ் தலைவரிடம் 'முடியாது' என்று சொல்வதை மட்டும் எந்த எபிசோடும் கற்றுத்தரவில்லை. அங்கே அவரவர் சாமர்த்தியம்தான்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், என்னென்ன பாட்காஸ்ட் கேட்கலாம் என்று பட்டியல் கேட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், ஆனால் கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு வா என்றேன். அடுத்து சப்போர்ட்காரர்களோடு சேலம் அனுப்பினேன். ஷெட்யூல் ஹெச்1 மருந்துப் பதிவேட்டை (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய சில மருந்துகளுக்கான தனி நோட்டு) சில கடைகள் ராத்திரி கடை சாத்தும்போது மொத்தமாக எழுதுகின்றன என்று கண்டுபிடித்து வந்திருக்கிறாள். பில் போடும் நேரத்தில் டாக்டர் பெயரும் முகவரியும் கேட்டு மறிக்கிற எங்கள் திரையை எடுத்துவிடலாம் என்பது அவள் கட்சி. விற்கும்போதே எழுத வேண்டும் என்பது விதி, எடுக்கக் கூடாது, டைப் அடிப்பதைக் குறைக்க வழி பார் என்பது என் கட்சி. வியாழக்கிழமை மீட்டிங்கில் இரண்டு பேரும் பேசப் போகிறோம்.