ஸ்லைடு பாட்: வைப்பரை முதலில் கண்டுபிடியுங்கள்

ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஸ்லைடு பாட் (குமிழை நேர்கோட்டில் நகர்த்தி மின்தடையை மாற்றும் பாகம்) இணைப்பவர்கள் பி10கே (10 கிலோ ஓம்) என்று அச்சிட்டதை வாங்குங்கள். பி பெரும்பாலும் ஒரே சீராக மாறும் ரகம். ஏ, ஒலியளவுக்கான லாக் (மடக்கை) ரகம்.

பாட்டின் கால்கள் (pin) இருக்கும் வரிசையை நம்ப வேண்டாம், மாடலுக்கு மாடல் மாறும். இரண்டிரண்டு கால்களாக மல்டிமீட்டரை வைத்து மின்தடையைப் பாருங்கள். குமிழை நகர்த்தினாலும் சுமார் 10 கிலோ ஓம் அசையாமல் காட்டும் இரண்டும் முனைகள்: ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. மிச்சமிருப்பது வைப்பர், அதாவது குமிழோடு நகரும் தொடுமுனை; அது ஊனோவின் ஏ0 என்ற அனலாக் உள்ளீட்டுக்கு. தவறுதலாக வைப்பரில் 5 வோல்ட் கொடுத்தால், குமிழ் கிரவுண்டு முனையைத் தொடும்போது ஷார்ட் ஆகும். கார்பன் தடமே கருகலாம்.

100கே கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள். குமிழ் நடுவில் இருக்கும்போது, வைப்பரிலிருந்து ஏ0 பார்க்கும் வெளியீட்டு மின்தடை அதில் 25 கிலோ ஓம். ஊனோவின் ஏடிமெகா328பி சிப் கேட்பதோ 10 கிலோ ஓமுக்குள். 10கே பாட்டில் அது வெறும் 2.5.

குமிழை அசைக்காதபோதும் ஏ0-வின் ரீடிங் 511, 513 என்று துள்ளினால் வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போதும். ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு என்றால் 5 வோல்ட் கூடவே கூடாது, 3.3 மட்டும்.

மோட்டாரை இதன் வழியாக நேரடியாக ஓட்டாதீர்கள். தடம் தாங்குவது பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைவு.