புகாரை முடித்து வைப்பது யார்?

புகார்களைப் பேரேட்டில் எழுதிய காலத்திலும், அவை கைப்பேசிச் செயலி வழியாக வந்து குவிந்த காலத்திலும் நகராட்சிப் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பேரேட்டுக் காலத்துக்காக ஏங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று ஒரு மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று சொல்லவே ஆளிருக்காது. அமெரிக்காவில் பால்டிமோர் 1996-ல் அவசரமில்லாத காவல்துறை அழைப்புகளுக்காக 311 என்ற தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தது. நியூயார்க் 2003-ல் அதே எண்ணை நகரச் சேவைகள் அனைத்துக்குமான ஒரே எண்ணாகக் கொண்டுவந்தது. எந்தத் துறையிடம் போவது என்று அலையும் சுமை மக்களின் தோளிலிருந்து இறங்கியது.

இறங்கிய சுமை அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு படம் வரும். விளக்கு யாருடையது, கம்பம் யாருடையது, சாலை யாருடையது என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது. துறைகளின் எல்லைகள் எங்கள் அலுவலகத்தில் ஒரே வரைபடத்தில் இருந்ததே இல்லை. புகார் துறைக்குத் துறை பந்தாடப்படும். கெடு நெருங்கியதும், 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று குறிப்பெழுதி யாராவது முடித்து வைப்பார்கள். மேலதிகாரியின் திரையில் அது பச்சையாகத் தெரியும். தெருவில் இருட்டு அப்படியே இருக்கும். கெடுவுக்குள் முடிந்த புகார்களின் சதவீதத்தை வைத்துத்தான் மண்டலங்களுக்கு மதிப்பெண் என்பதால் ஊழியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நான் பார்த்தவற்றில் உருப்படியான மாற்றம் மிகச் சிறியது. புகார் கொடுத்தவருக்குக் குறுஞ்செய்தி போகும். 'சரியாகவில்லை' என்று அவர் பதில் அனுப்பினால் புகார் மீண்டும் திறக்கும், கெடுவும் விட்ட இடத்திலிருந்து ஓடும். பச்சை மளமளவென்று குறைந்தது. ஆய்வுக் கூட்டங்களில் முகங்கள் சுருங்கின. துறைகள் ஒன்றாக உட்கார்ந்து எல்லைகளைச் சரிபார்க்க முன்வந்தது அதற்குப் பிறகுதான். விலை உயர்ந்த கட்டுப்பாட்டு அறைத் திரைகளால் அது நடக்கவில்லை.

புகாரே வராத இடங்களின் சிக்கல் வேறு. பாஸ்டன் நகரின் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலி, வண்டி குலுங்குவதைக் கைப்பேசி உணரியால் அறிந்து சாலைப் பள்ளங்களைக் கண்டுசொன்னது. ஸ்மார்ட்போன் குறைவாக உள்ள பகுதிகளின் பள்ளங்கள் அதில் பதிவாகாமல் போகக்கூடும் என்ற விமர்சனம் எழுந்தது. புகார் வந்த இடங்களைக் குறித்த எங்கள் வரைபடத்திலும் புள்ளிகள் நெருங்கியிருந்தது வசதியான வார்டுகளில்தான். அதை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கினால் யாருக்குப் போய்ச் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை. புகார் குறைந்த வார்டுகளுக்கு ஆய்வாளர்களை நேரில் அனுப்பும்படி எழுதினேன். இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் இப்போது கண்ணில் பட்டதைத் தாங்களே புகாராகப் பதிகிறார்கள். அவற்றையும் மண்டலத்தின் மதிப்பெண்ணில் சேர்ப்பதா கூடாதா என்ற வாதம் இன்னும் நடக்கிறது.