பருப்பு முதலில், புளிப்பு பிறகு

பருப்புக் குழம்பு வைக்கத் தெரியாதவர் என்று உலகில் யாரும் இருக்க முடியாது என்றுதான், தனியாகச் சமைக்கத் தொடங்கிய நாள்களில் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரே இரவில் கலைந்தது. அலமாரியில் எத்தனை காலமாகக் கிடந்தது என்று நினைவில்லாத ஒரு பொட்டலத்திலிருந்து தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பை எடுத்துக் கழுவி, நறுக்கிய தக்காளி, எலுமிச்சைச் சாறு, மஞ்சள்தூள், உப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்தும் பருப்பு பல்லில் நறுக்கென்று கடிபட்டது. தக்காளி கரைந்து காணாமற் போயிருந்தது. தண்ணீர் மூன்று முறை வற்றியிருந்தது. பருப்பு மட்டும் மசியவில்லை. பசி தாங்காமல் அதையே சாப்பிட்டுத் தீர்த்தேன் என்பதைத் தவிர அந்தக் குழம்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்பது பிறகுதான் விளங்கியது. பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள்; கொதிநீரில் அது கரைந்து விலகும்போதுதான் பருப்பு குழைகிறது. புளிப்பு கலந்த நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. கால்சியம் மிகுந்த கடின நீரிலும் இதே தொல்லைதான், ஏனென்றால் கால்சியம் பெக்டினை மேலும் இறுக்கிவிடுகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்பட வைத்த பருப்போ, சமைக்கும் முன்பே இறுகிப் போயிருக்கும். அன்று நான் பழைய பருப்பையும் புளிப்பையும் ஒருசேரக் கூட்டி வைத்திருந்தேன்.

இந்த வழக்கில் வீண்பழி சுமப்பது உப்பு. உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று பலரும் சொல்வதுண்டு. சாதாரணச் சமையல் உப்பு பருப்பு வேவதைக் கெடுப்பதில்லை. நான் அதைக் கடைசியில் போடுவதற்குக் காரணம் வேறு: எவ்வளவு நீர் வற்றி எவ்வளவு குழம்பு மிஞ்சும் என்பது கடைசியில்தான் தெரியும். வேகாத பருப்பில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடும் குறுக்கு வழியையும் ஒரு முறை செய்து பார்த்தேன். பருப்பு மடமடவென்று குழைந்ததென்னவோ உண்மை. ஆனால் சோப்பு வாடை அடித்தது. சோடா பருப்பிலுள்ள பி1 வைட்டமினையும் சிதைக்கும் என்பதால் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

இப்போது நான் பெரும்பாலும் செய்வது, தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பில் ஒரு குழம்பு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இந்தப் பருப்புக்குத் தோலும் இல்லை, தடிமனும் இல்லை என்பதால் ஊற வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, குக்கரும் தேவையில்லை. திறந்த பாத்திரத்திலேயே 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். உடைக்காத முழுப் பருப்போ இருபுறமும் குவிந்த வட்டமாக இருக்கும். கண்ணாடி வில்லைக்கு லென்ஸ் என்ற பெயரே, இதே வடிவமுள்ள இந்தப் பருப்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். பருப்பைப் பார்த்துக் கண்ணாடிக்குப் பெயர் வைத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

நான்கு பேருக்கு 200 கிராம் பருப்பு போதும். அதைக் கல், தூசி பார்த்து, களைந்த நீர் ஓரளவு தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் பருப்பைப் போல் மூன்று பங்குத் தண்ணீர் ஊற்றி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் தட்டிய இரண்டு பல் பூண்டும் சேர்த்து, மூடாமல் கொதிக்க விட வேண்டும். முதல் கொதியில் வெள்ளை நுரை பொங்கி வரும். பருப்பிலுள்ள புரதமும் சப்போனின் என்னும் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் நுரை அது. கெடுதலானது அன்று, ஆனால் கவனிக்காமல் விட்டால் அடுப்பெல்லாம் வழிந்துவிடும். கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்தால் பிறகு தொந்தரவு தராது. குக்கரில்தான் வைப்பேன் என்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் இந்த நுரை மேலேறி ஆவி போகும் துளையை அடைத்துவிடக்கூடும்.

வேகும்போது ஆரஞ்சு நிறம் மெல்ல வெளிறி மஞ்சளாக மாறும். பத்து நிமிடத்தில் பருப்பின் ஓரங்கள் கலங்கத் தொடங்கும். இன்னும் சில நிமிடத்தில், ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால், நடுவில் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லாமல் மாவாக நசுங்கும். அந்தப் புள்ளி மறையும் வரை தக்காளிக்கு அடுப்பருகே இடமில்லை. இடையில் தண்ணீர் குறைந்தால், கொதிக்கும் நீரையே ஊற்றுகிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, வேவதும் அந்த அளவுக்குத் தாமதமாகிறது.

பருப்பு வேகும் நேரத்திலேயே இன்னொரு வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இரண்டு தக்காளியைச் சேர்த்து, அதன் நீர் சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறி வைத்துக்கொள்கிறேன். இதைச் செய்யச் சோம்பல் படுபவர்கள், வெந்த பருப்பிலேயே தக்காளியைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடலாம். சுவை சற்றுத் தட்டையாக இருக்கும், அவ்வளவே. வெந்த பருப்பைக் கரண்டியின் பின்புறத்தால் பாதி மட்டும் மசித்து, வதக்கியதைச் சேர்த்து, உப்புப் போட்டு ஒரு கொதி விட்டால் குழம்பு முக்கால்வாசி முடிந்த மாதிரி.

மீதிக் கால்வாசி தாளிப்பில் இருக்கிறது, எனக்கு அதிகம் பிடித்த பகுதியும் அதுதான். சிறிய கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காய வைத்து, ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது சும்மா கிடந்தால் எண்ணெய் காயவில்லை என்று பொருள். உடனே வெடித்துத் துள்ளினால் மீதிக் கடுகையும் போடலாம். கடுகு பொரிந்து அடங்கும் சமயத்தில் சீரகம், பிறகு கிள்ளிய மிளகாய் வற்றல், மெல்லியதாக நறுக்கிய பூண்டு. பூண்டின் ஓரம் செம்மை காட்டிய அந்தக் கணத்திலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் எண்ணெயின் சூடு அதைத் தொடர்ந்து வறுத்துக்கொண்டேயிருக்கும். கருகினால் கசப்பு குழம்பு முழுவதும் பரவிவிடும். பெருங்காயத்தை அணைத்த பிறகு, கடைசியாகத் தூவுகிறேன். மசாலாப் பொருள்களின் மணம் பெரும்பாலும் நீரில் கரையாமல் எண்ணெயில் கரைவது என்பதால், அவற்றைப் பருப்போடு நேராகக் கொதிக்க வைத்தால் இந்த வாசனை கிடைப்பதில்லை. சீறிக்கொண்டே குழம்பில் விழும் தாளிப்பைக் கிளறாமல் உடனே மூடி இரண்டு நிமிடம் விட்டுவிடுவது என் வழக்கம்.

எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அதிலுள்ள சி வைட்டமின் பருப்பின் இரும்புச் சத்தை உடல் கிரகித்துக்கொள்ள உதவுகிறது; சி வைட்டமினோ சூட்டில் சிதைவது. ஆகவே அன்று நான் முதலில் பிழிந்த எலுமிச்சை இரண்டு வகையிலும் வீண்.

200 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 48 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 12 கிராம். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் லைசின் பருப்பில் மிகுதி, மெத்தியோனின் குறைவு. தானியங்களில் இது தலைகீழ். ஆகவே சோறோ ரொட்டியோ கூட இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். இறைச்சி இல்லாமல் வயிறு நிறைய இவ்வளவு குறைந்த செலவில் இன்னொரு சமையல் எனக்குத் தெரியாது.

குழம்பை இறக்கும்போது, நாம் விரும்பும் பதத்தைவிடச் சற்று நீர்க்கவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஆற ஆற மாவுச்சத்து இறுகிக் கெட்டியாகும். மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கரண்டி நிற்கும் அளவுக்கு உறைந்திருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அரைக் குவளை வெந்நீர் ஊற்றி, மெல்லிய தீயில் அடிபிடிக்காமல் கிளறிக் கொதிக்க விட்டு, இன்னொரு பல் பூண்டைத் தாளித்துக் கொட்டினால் முதல் நாளைவிட அது எனக்கு இன்னும் பிடிக்கிறது. அதற்காகவே இப்போதெல்லாம் 300 கிராமாகப் போட்டுவிடுகிறேன்.