வீட்டுக் கோழி முட்டையைக் கழுவலாமா?

முட்டையை எடுத்துவந்ததும் குழாயைத் திறந்து கழுவி வைப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. முட்டையிடும்போது ஈரமாகப் படிந்து, சற்று நேரத்தில் காய்ந்துவிடும் ஒரு மெல்லிய படலம்தான் அவற்றை அடைத்து வைக்கிறது. கழுவினால் அது கரைந்துபோகும். அதிலும் பச்சைத் தண்ணீர் மோசம்: முட்டையின் உட்பகுதி குளிர்ந்து சுருங்க, ஓட்டிலிருக்கும் கிருமிகள் தண்ணீரோடு துளைவழியே உள்ளே போகும்.

கழுவும் தேவையே வராமல் செய்வது கூட்டில்தான் இருக்கிறது. நான்கைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். அடியில் காய்ந்த வைக்கோலோ மரச்சீவலோ மூன்று விரற்கடை அளவுக்குப் பரப்பி, எச்சம் பட்டால் உடனே மாற்றுங்கள். இரவில் அடையும் கம்பு பெட்டியைவிட உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் கோழிகள் பெட்டியிலேயே தூங்கி எச்சமிடும். முட்டையை நாளுக்கு இரண்டு முறையாவது எடுக்க வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் அடிக்கடி. சேவல் இருந்தால் இது மிக முக்கியம், வெப்பத்தில் கரு வளரத் தொடங்கிவிடும்.

லேசான அழுக்கை உலர்ந்த துணியாலோ நைசான உப்புத்தாளாலோ தேய்த்தெடுக்கலாம். கழுவியே ஆக வேண்டுமென்றால், முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி சூடான, 32 டிகிரி செல்சியசுக்குக் குறையாத ஓடும் நீரில் கழுவுங்கள். ஊறவைக்கக் கூடாது. துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் நேரே ஃபிரிட்ஜுக்கு. எச்சம் அப்பிய முட்டையையும் விரிசலில் கசியும் முட்டையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

கழுவாத முட்டை நிழலான, குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம்வரை தாங்கும். ஆனால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைப்பதே பாதுகாப்பு. ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். கூர்முனை கீழே இருந்தால் காற்றறை மேலேயும் மஞ்சள் கரு நடுவிலும் நிற்கும். ஓட்டில் பென்சிலால் தேதி எழுதிவிட்டால் பழையதை முதலில் எடுக்கலாம். குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரமே கிருமிக்கு வழி. எனவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

தண்ணீரில் மிதக்கவிடும் சோதனை வயதைத்தான் சொல்லும்: படுத்தால் புதிது, நின்றால் பழையது, மிதந்தால் மிகப் பழையது. வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. கோழியின் சினைப்பையிலிருந்தே அந்தக் கிருமி முட்டைக்குள் வரக்கூடும், ஓடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும். அதனால் சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு அரைவேக்காடு வேண்டாம். வெள்ளை, மஞ்சள் இரண்டும் இறுகும்வரை வேகட்டும். மிதக்கவிட்டுப் பார்த்த முட்டையை அன்றே சமைத்துவிடுங்கள், நனைந்தபின் அது சேமிப்புக்கு ஆகாது.