வேப்பமரத்துக் காக்கா கூடு: நாட்குறிப்பு

ஏப்ரல் 13, 2024
தண்டையார்பேட்டை. மொட்டை மாடியை ஒட்டி நிற்கும் எங்கள் வேப்பமரத்தில் காக்கா ஜோடி கூடு கட்டுகிறது. எதிர்வீட்டில் சென்ட்ரிங் வேலை. அங்கே சிதறிக் கிடந்த கட்டுக்கம்பித் துண்டெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

மே 5
கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். வடாம் பிழியப் போன ஆயா தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பின்பக்கமாக வந்து உச்சந்தலையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. நரைமுடிக்கு நடுவே அரை விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். "அமாவாசைக்கு அமாவாசை சோறு வெக்கிறேன், என்னையே கொத்துது பாரு கண்ணு" என்றார். வலியைவிட அந்த வருத்தம்தான் அவருக்கு. அடைகாப்பது 16, 17 நாள். குஞ்சு பொரிந்திருக்க வேண்டும், வேறு காரணம் இல்லை.

மே 8
கீழ்வீட்டு அண்ணன் தொரட்டியோடு வந்துவிட்டார். "ஒரே இழுப்பு, தீர்ந்துது" என்றார். வேண்டாம் அண்ணா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இறக்கை முளைக்காத குஞ்சு விழுந்தால் பிழைக்காது. மூணு நாலு வாரத்தில் தானாகவே பறந்துவிடும், அதுவரை பொறுப்போம் என்றேன். அரைமனதாகத்தான் போனார்.

மே 9
துணிக்கொடியைத் தண்ணீர் டேங்க் பக்கம் மாற்றிக் கட்டினேன். வடாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிற்று. யார் மேலே போனாலும் குடை. முதுகைக் காட்டினால்தான் பாய்கிறது. அதன் பக்கம் பார்த்தபடி நடந்தால் கிளையிலேயே கத்திக்கொண்டு இருக்கிறது. கையை வீசி விரட்டினால் இன்னும் மோசம். மூணாவது வீட்டுப் பையன் ஒரு கல் விட்டான். இப்போது அவன் தெருவில் நடந்தாலே துரத்துகிறது.

மே 30
துவைக்கிற கல்லடியில் ஒரு குஞ்சு. வால் இன்னும் கட்டை, அலகைத் திறந்தால் உள்ளே சிவப்பு. பிள்ளைகள் தூக்கப் போனார்கள், தடுத்தேன். அடிபட்டு விழவில்லை, பறக்கப் பழகுகிறது. நாய் வராமல் கேட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பெரியது இறங்கி வந்து, குஞ்சின் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டியது. ஜன்னலை விட்டு நகர மனமே வரவில்லை. சாயங்காலம் குஞ்சு தத்தித் தத்தித் தொட்டிச் சுவரில் ஏறிவிட்டது.

ஜூன் 6
அமாவாசை. ஆயா குடையில்லாமல் மாடிக்குப் போய்ச் சோறு வைத்துவிட்டு வந்தார். நாலு காக்கா வந்ததாம்.